மணல் எல்லாருக்கும், வழி ஆருக்கு?

"பாசிக்குடாக்கு இனிப் போகேலாது, ஒரே சனம்." லீவு நாட்களில் மட்டக்களப்புப் பக்கம் ஆரைக் கேட்டாலும் இந்த வசனம் வரும். அதுக்குப் பின்னாலேயே இன்னொண்டும் வரும்: "கொஞ்சம் காசு போனாலும் பரவாயில்ல, ஹோட்டல் பக்கம் போனா நிம்மதியாக் குளிக்கலாம்." இந்த இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு கேள்வி கிடக்கிறது. அதைத்தான் ஒருத்தரும் கேட்பதில்லை. ஒரே குடா, ஒரே கடல், ஒரே மணல். ஒரு முனையில் துவாய் விரிக்க இடமில்லை. அதே மணலில் கொஞ்சத் தூரம் நடந்தால் சாய்வுக் கதிரைகள் ஆளில்லாமல் வெயில் காய்கின்றன. இது எப்படி நடந்தது?

சனம் கூடினது உண்மை. ஆனால் நெரிசலை உண்டாக்கியது சனத்தின் தொகை இல்லை, இறங்கும் வழியின் தொகை. பத்து வாசல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாசலை மட்டும் திறந்து வைத்தால் அந்த வாசலில் திருவிழாக் கூட்டம்தான் நிற்கும். பிறகு அந்தக் கூட்டத்தைக் காட்டியே "பாத்தியா, எங்கட சனத்துக்கு ஒரு ஒழுங்கு இல்ல" என்று சொல்வது, சோற்றைப் பறித்துவிட்டு ஏன் மெலிந்து போனாய் என்று கேட்பதைப் போன்றது.

முதலில் இந்தக் கடலைப் பற்றி. பாசிக்குடாவில் அலை இல்லாதது மாதிரித்தான். கரையில் இருந்து வெகுதூரம் வரைக்கும் இடுப்பளவு தண்ணி. நீந்தத் தெரியாத ஆள், மூன்று வயசுப் பிள்ளை, முழங்கால் வருத்தம் உள்ள அம்மம்மா எல்லாரும் பயமில்லாமல் இறங்கக்கூடிய கடல் இந்தத் தீவில் அதிகம் இல்லை. அதனால்தான் குருநாகலில் இருந்தும் கண்டியில் இருந்தும் இரவிரவாக பஸ் பிடித்து, சோத்துப் பானையோடு சனம் வருகிறது. ஹோட்டலில் தங்குகிறவருக்கு நீச்சல் குளம் இருக்கிறது. பஸ்ஸில் வருகிறவருக்கு இந்தக் குடாதான் இருக்கிறது. இந்தக் கடல் ஆருக்கு அதிகம் தேவை என்று கேட்டால் பதில் லேசானது.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது? கடற்கரை எல்லாருக்கும் பொது என்பது ஏதோ புதுப் புரட்சிக் கதை இல்லை. எங்கட நாட்டுப் பொதுச்சட்டத்தின் அடித்தளம் ரோமன்-டச்சுச் சட்டம். அதன் வேர் 533ஆம் ஆண்டில் ஜஸ்டீனியன் என்ற ரோமப் பேரரசனின் ஆட்சியில் வெளியான சட்டப் பாடநூல் வரைக்கும் போகிறது. காற்று, ஓடும் நீர், கடல், அதோடு சேர்ந்து கடற்கரை, இவை இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்று அதில் எழுதியிருக்கிறது. அடிமைகளை வைத்திருந்த ஒரு பேரரசுக்கே விளங்கின விசயம் இது.

நவீன காலத்துக்கு வந்தால், 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் இருக்கிறது. உயர் நீர் மட்டத்தில் இருந்து நிலப்பக்கம் 300 மீற்றர், தாழ் நீர் மட்டத்தில் இருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றர், இதைக் கரையோர வலயம் என்று அந்தச் சட்டம் வரையறுக்கிறது. அதன் நிருவாகமும் கட்டுப்பாடும் அரசிடம். அந்த வலயத்துக்குள் அபிவிருத்தி வேலை செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும். 2011இல் சட்டம் திருத்தப்பட்டு, பொறுப்பான திணைக்களத்தின் பெயரும் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களம் என்று நீண்டது.

"அரசிட்ட இருக்கெண்டா அரசு விரும்பின ஆளுக்குக் குடுக்கலாம்தானே?" என்று கேட்பீர்கள். இல்லை. பொதுத் தேவைக்கென்று சுவீகரித்த பத்தரமுல்லைக் காணி தனியார் கோல்ஃப் மைதானமாக மாறியபோது வழக்குப் போட்டார்கள். வாட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்று எல்லாரும் அறிந்த அந்த வழக்கில் 2008இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அரசிடம் இருக்கும் அதிகாரம் மக்களுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கும் அதிகாரம் என்ற கொள்கையில் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. அதுக்கு முதல், 2000இல் எப்பாவல பொஸ்பேற்று வழக்கிலும் இயற்கை வளங்கள் பற்றி இதே போக்கில்தான் நீதிமன்றம் பேசியது. அரசு காவல்காரன், சொந்தக்காரன் இல்லை. காவல்காரன் தோட்டத்தைக் குத்தகைக்கு விடும்போது சொந்தக்காரனின் நடைபாதையையும் சேர்த்துக் கொடுத்துவிட முடியாது.

அப்ப எங்கே பிழைத்தது? சட்டம் மணலைப் பற்றிப் பேசுகிறது. நாங்கள் மாட்டுப்படுவது மணலுக்குப் போகும் வழியில். கடலுக்கும் ஹோட்டல் காணிக்கும் இடையில் ஒரு கீற்று மணல் "பொது" என்று வரைபடத்தில் இருக்கும். அந்தக் கீற்றுக்குப் போக இருந்த பழைய ஒழுங்கைகள் ஒரு மதிலுக்குள்ளோ ஒரு கேற்றுக்குப் பின்னாலோ போய்விட்டால், அந்த மணல் ஹெலிகொப்டரில் வந்து குதிக்கிறவனுக்கு மட்டும்தான் பொது. கடற்கரையைத் தனியாருக்கு விற்கத் தேவையில்லை. பாதையை மறித்தால் போதும், மணல் தானாக அவர்கட கைக்குப் போய்ச் சேரும். இதில் உள்ள கெட்டித்தனம் என்னவென்றால், ஒருத்தரும் "கடற்கரை எங்கட" என்று எழுத்தில் சொல்வதில்லை. ஆதலால் ஒருத்தர் மீதும் வழக்குப் போடுவதும் லேசில்லை.

எழுத்தில் சொல்லாததை விசில் சொல்லும். எங்கட பட்ச் பிள்ளைகளோடு ஒருமுறை பொதுப் பக்கத்தில் இருந்து ஈர மணலால் நடந்து போனோம். ஒரு ஹோட்டலுக்கு நேரே வந்ததும் செக்கியூரிட்டி விசில் ஊதினார். "எந்த ஹோட்டல்?" என்றார். ஒரு ஹோட்டலும் இல்லை என்றோம். "அப்ப அங்கால போங்க." அவரில் எனக்குக் கோபமில்லை. அவரும் எங்கட ஊர் ஆள்தான், சொன்னதைச் செய்கிறார். ஆனால் அந்தக் கேள்வியைக் கவனியுங்கள். கடலோரம் நடக்கிற ஒருத்தரிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை, எந்த ஹோட்டல் என்று கேட்கிறார். கட்டில் எடுக்காத ஆளுக்குக் கடற்கரையில் நிற்க ஒரு காரணம் இருக்க முடியாது என்று அந்தக் கேள்வி முடிவெடுத்துவிட்டது.

இந்த நிலைமை ஒரே இரவில் வரவில்லை. 1970களில் பாசிக்குடாவில் வெளிநாட்டவர்கள் வந்து தங்கிய ஹோட்டல்கள் இருந்தன. யுத்தம் அவற்றைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 மிச்சத்தையும் கொண்டுபோனது. அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கட வயசுக்காரர் வடிவாகப் படிக்க வேண்டும். 2005இல் அரசு கடலோரத்தில் இடைவெளி வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கில் 100 மீற்றர், வடக்குக் கிழக்கில் 200 மீற்றர். பாதுகாப்புக்காக அதுக்குள் வீடு கட்டக்கூடாது. மீன்பிடிக் குடும்பங்கள் கடலை விட்டுத் தள்ளி முகாம்களில் இருந்தன. சுற்றுலாத்துறைக்கு மட்டும் விதிவிலக்கு. கடல் மீனவன் வீட்டை அடிக்கும், ஹோட்டலை அடிக்காது என்பது போல. பிறகு அந்த வலயம் தளர்த்தப்பட்டது. ஆனால் கடலோரம் ஆருக்கு என்ற கேள்விக்கு அதிகாரத்தின் மனதில் இருந்த பதில் அந்த நாட்களில் வெளியே தெரிந்துவிட்டது. நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' நூலில் அறுகம்குடாவைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதினார். அழிவு நடந்து சனம் மூச்சு வாங்குவதுக்குள் காணியின் விதி மாறிவிடும் என்பதுக்கு அவர் எடுத்த உதாரணங்களில் எங்கட கிழக்குக் கரையும் ஒன்று.

2007இல் கிழக்கில் யுத்தம் முடிந்தது, 2009இல் முழு நாட்டிலும். 2011இல் இருந்து பாசிக்குடாவில் புது ஹோட்டல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திட்டங்கள் வரையப்பட்ட காலத்தை யோசித்துப் பாருங்கள். வாழைச்சேனை, கல்குடா, பேத்தாழைச் சனம் இடம்பெயர்வில் இருந்தும் சுனாமியில் இருந்தும் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. உறுதி தொலைந்தவர், ஆள் தொலைந்தவர், வேலி எங்கே இருந்தது என்று தேடினவர். அந்த நேரத்தில் "இந்த ஒழுங்கை பொது ஒழுங்கை, இதால்தான் நாங்கள் தோணிக்குப் போவம்" என்று ஆர் போய் எந்த மேசையில் சொல்லியிருக்க முடியும்? வெறுமையான கடற்கரை கிடைத்தது என்று பின்னாளில் பெருமையாகச் சொன்னார்கள். அந்த வெறுமை எப்படி வந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

குளிக்கப் போகிற எங்கட கவலை பெரிய கவலை இல்லை என்று சொல்லுவீர்களானால், மீன்பிடிக்கிறவர்களைப் பாருங்கள். கடற்கரை என்பது எங்களுக்குப் போய்வரும் இடம், அவர்களுக்கு வேலைத்தலம். கரைவலை இழுக்க நீளமான, தடையில்லாத மணல் வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுத்துக்கொண்டே ஒருவரை ஒருவர் நோக்கி நகர வேண்டும், நடுவில் குடை நட்டிருந்தால் வலை நிற்காது. வாடி போட இடம் வேண்டும். வலை காயப்போட இடம் வேண்டும். ஐஸ் கொண்டுவரும் லொறி மணல் வரைக்கும் வர றோட்டு வேண்டும். மாரியில் வாடைக் கடல் எழும்பும்போது படகை ஈர மணலில் விட முடியாது, மேட்டுக்கு இழுக்க வேண்டும். அந்த மேட்டு மணல்தான் இப்போது புல்தரையும் பூச்சாடியுமாக இருக்கிறது. ஆகவே "தண்ணியோரம் பொதுதானே, போய்வாங்கோவன்" என்று சொல்வது மீனவனுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. கடலில் மீன்பிடிக்கிற உரிமையை விட்டு வைத்து, கடலுக்கு இறங்குகிற உரிமையைச் சுருக்கினால் அது தொழிலைப் பறித்ததுக்குச் சமன். தங்கட வழிகளும் இறங்குதுறைகளும் ஒடுங்கிப்போனதாகப் பாசிக்குடா மீனவர்கள் பல வருசமாக முறைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இன்னொரு விசயம். மணல் ஓரிடத்தில் நிற்காது. மாரியில் கடல் மணலை அரித்துக்கொண்டு போகும், கோடையில் திருப்பிக் கொண்டுவந்து போடும். கரை முன்னும் பின்னுமாக அசையப் பின்னால் இடம் வேண்டும். அந்த இடத்தில் மதில் கட்டினால் கரைக்குப் பின்வாங்க இடமில்லை. மதில் நிற்கும், கடல் நிற்கும், நடுவில் மணல் வருசா வருசம் ஒடுங்கும். கடைசியில் பொதுமக்களுக்கென்று சட்டம் விட்டுவைத்த கீற்று தண்ணிக்குள் போய்விடும். அப்போது கேஸ் போட மணலும் இருக்காது.

தனியாரை மட்டும் திட்டிவிட்டுப் போவது நேர்மையில்லை. அரசே கேற் போட்ட கடற்கரைகள் இந்த நாட்டில் உண்டு. திருகோணமலை மாபிள் பீச்சை விமானப்படை நடத்துகிறது, டிக்கட் எடுத்துப் போய்ப் பார்க்கலாம். காங்கேசன்துறையில் சனம் தங்கட காணிக்குத் திரும்ப முடியாமல் முகாமில் இருந்த காலத்தில் இராணுவம் தல்செவன என்ற ஹோட்டலை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் நடத்தியது. பாணமையில் 2010இல் சிங்களக் கிராமத்தவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டு, அவர்களின் கரையோரக் காணிகள் படையினரிடம் போயின. காணியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்க 2015இல் அமைச்சரவை முடிவெடுத்த பிறகும் அந்தச் சனம் போராட வேண்டியிருந்தது. பாணமையை இங்கே சொல்வதுக்குக் காரணம் இருக்கிறது. கடற்கரைப் பிரச்சினையைத் தமிழர்-சிங்களவர் பிரச்சினை என்று மட்டும் வாசிக்கிற ஒரு கூட்டம் எங்களிடம் உண்டு. "வெளிய இருந்து பஸ்ஸில வாறவங்கள்தான் நாசமாக்கிறாங்கள்" என்பது அவர்களின் பாட்டு. பஸ்ஸில் வந்து, ஒரு மூலையில் நெரிபட்டு, உடுப்பு மாற்ற இடமில்லாமல் துவாயைச் சுற்றிக்கொண்டு நிற்கிற குருநாகல் அம்மாவும் எங்களைப் போலத்தான் வெளியே நிற்கிறார். மூலையில் நெரிபடுகிற இரண்டு பேர் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தால் மிச்சக் கடற்கரையைப் பற்றி ஆர் கேட்பது?

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது, வேலை. "ஹோட்டல் வந்ததாலதான் எங்கட பொடியன்மாருக்கு வேலை." உண்மை. என்னோடு படித்தவர்களின் அண்ணன்மார் அங்கே வேலை செய்கிறார்கள், அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஹோட்டலை மூடச் சொல்லி நான் எழுதவில்லை. இரண்டு ஹோட்டலுக்கு நடுவில் ஆறடி ஒழுங்கை விட்டால் எந்த வெயிற்றரின் வேலை போகும்? ஒரு ஹோட்டல் விற்கிற பொருள் கட்டில் இல்லை, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கடல். அந்தக் கடலை ஹோட்டல் செய்யவில்லை. செய்யாத பொருளை விற்றுக் காசு எடுக்க அனுமதித்த ஊர், பதிலுக்கு ஒரு நடைபாதை கேட்கிறது. இதைவிட மலிவான குத்தகை எங்கே கிடைக்கும்?

இரண்டாவது, குப்பையும் குடியும். பொதுப் பக்கத்தில் போத்தல் ஓடு கிடக்கிறது, லஞ்ச் சீற் பறக்கிறது, வெறியில் சண்டை வருகிறது. எல்லாம் உண்மை. குப்பைக்குத் தொட்டியும், அள்ளுகிற ஆளும், தண்டப்பணமும்தான் மருந்து. கொழும்பு பஸ் நிலையம் அழுக்கு என்பதுக்காக ஒருத்தரும் அதைக் கேற் போட்டு ஒரு கம்பனிக்குக் கொடுக்கச் சொல்வதில்லை. "இவங்கள் அழுக்கு, ஒழுக்கம் தெரியாது, உள்ள விட்டா இடம் கெட்டுப்போகும்." இந்த வசனத்தை வேறெங்கே கேட்டிருக்கிறோம்? கிணற்றடியில் கேட்டிருக்கிறோம். தேத்தண்ணிக் கடையில் கேட்டிருக்கிறோம். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் கேட்டிருக்கிறோம். உள்ளே விடமாட்டோம் என்றவர்கள் அப்போதும் சுத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சாதி காரணமாகப் பொது இடங்களில் ஆட்களை மறிப்பதைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்திருந்தும், வாசலைத் திறக்கப் போராட்டம் தேவைப்பட்டது. வாசலின் அரசியலை எங்கட சமூகத்துக்குப் புதிதாக ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. அந்த வசனம் இப்போது இங்கிலீசில், ஹோட்டல் யூனிபோமில் வருவதால் எங்களுக்கு அடையாளம் தெரியாமல் போகக்கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. "பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், வெளிநாட்டுப் பெண்களை இவங்கள் முறைச்சுப் பாக்கிறாங்கள், போன்ல படம் எடுக்கிறாங்கள்." நடக்கிறது. எங்களுக்கும் நடக்கிறது. முழங்கால் வரை நனைந்து நிற்கும்போது பின்னால் இருந்து வருகிற கதையை இதை வாசிக்கிற பெண்களில் கேட்காதவர் இருக்க மாட்டார். ஆனால் மதில் அதை நிறுத்துகிறதா? மதில் செய்வது ஒன்றுதான்: காசு கட்டின பெண்ணை உள்ளே எடுத்துக்கொண்டு, காசு கட்டாத பெண்ணை அதே ஆண்களோடு இன்னும் ஒடுக்கமான இடத்தில் விட்டுவிடுகிறது. நெரிசல் கூடினால் சீண்டலும் கூடும், அது பஸ்ஸில் போகிற எல்லாருக்கும் தெரியும். எங்கட பாதுகாப்பைச் சாட்டி எங்களிடம் இருந்தே கடலை எடுக்காதீர்கள். வெளிச்சம் போடுங்கள், உடுப்பு மாற்ற மறைப்புக் கட்டுங்கள், பெண் பொலிசைக் கடமையில் போடுங்கள், படம் எடுத்தவனைப் பிடித்து வழக்குப் போடுங்கள். இதுகளைச் செய்யாமல் மதிலைக் காட்டுகிற ஆளுக்குப் பெண்கள் மேல் அக்கறை என்று நான் நம்பத் தயாரில்லை. இதோடு சேர்த்து, "கலாசாரம் கெடுது, எங்கட பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவேண்டாம்" என்கிற ஊர்ப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் உள்ளுக்கிருந்து போடுகிற வேலி ஹோட்டல்காரனுக்குச் சம்பளமில்லாத காவல்.

நாலாவது வாதம் வெளியே சத்தமாகச் சொல்லப்படுவதில்லை. வெளிநாட்டவர் உள்ளூர்ச் சனத்தைப் பார்க்க விரும்ப மாட்டார்கள் என்பது. 2024 பெப்ரவரியில் உணவட்டுனவில் ரஷ்யர்கள் சிலர் வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்று ஒரு பார்ட்டிக்கு விளம்பரம் போட்டார்கள். நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி அது கைவிடப்பட்டது. எல்லாருக்கும் கோபம் வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் அந்த விளம்பரம் எழுத்தில் சொன்னதைப் பல இடங்களில் கேற் எழுதாமல் சொல்கிறது. எங்கட அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை தெளிவாக இருக்கிறது: இனம், மதம், மொழி, சாதி, பால் என்ற காரணங்களால் கடைகள், பொது உணவகங்கள், ஹோட்டல்கள், பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்குப் போக ஒருத்தரையும் தடுக்க முடியாது. அந்தப் பட்டியலில் கடற்கரை என்ற சொல் இல்லை. ஹோட்டலுக்குள்ளேயே மறிக்க முடியாத ஆளை ஹோட்டலுக்கு வெளியே இருக்கிற மணலில் மறிக்கலாம் என்று ஒருத்தர் வாதாடினால், அவர் எங்களை மடையர் என்று நினைக்கிறார்.

மற்ற நாடுகளில் இந்தச் சண்டை எப்படிப் போனது என்று பார்த்தால் இரண்டு முடிவுகள் தெரிகின்றன. ஒன்று ஜமைக்கா. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1956இல் வந்த கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையை முடிக்குரியதாக்கியது. குளிக்கவோ நடக்கவோ பொதுமக்களுக்குப் பொதுவான உரிமை எதையும் அது கொடுக்கவில்லை. உல்லாச விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையை எடுத்தன. கடலால் சூழப்பட்ட தீவில் பிறந்த பிள்ளைகள் கடலுக்குப் போக வழி தேடி அலைகிறார்கள், நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். மற்றது கிரேக்கம். அங்கே சட்டம் சனத்தின் பக்கம்தான் இருந்தது, ஆனால் மணல் முழுக்க வாடகைக் கதிரைகள். 2023 கோடையில் பாரோஸ் தீவுச் சனம் துவாயோடு கடற்கரையில் இறங்கியது. பெரிய கல்லெறி ஒன்றுமில்லை, துவாயும் பதாகையும்தான். அது மற்றத் தீவுகளுக்கும் பரவியது. 2024இல் அரசு புதுச் சட்டம் கொண்டுவந்து, கடற்கரையில் 70 சதவீதமாவது கதிரை குடை இல்லாமல் இருக்க வேண்டும் என்றது. எங்கட நிலைமை ஜமைக்காவைவிடக் கிரேக்கத்துக்குக் கிட்ட. சட்டத்தின் அடிப்படை எங்கட பக்கம். கேட்கிற சனம்தான் இல்லை.

அப்ப என்ன கேட்பது? "கடற்கரை மக்களுக்கே" என்று பதாகை பிடித்தால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், ஏனென்றால் அதை ஒருத்தரும் மறுக்கவில்லை. பாதையைக் கேட்க வேண்டும். ஹோட்டல் வரிசை நெடுக, நடந்து போகக்கூடிய தூரத்துக்கு ஒரு பொது ஒழுங்கை. அது குத்தகைப் பத்திரத்திலும் வரைபடத்திலும் இருக்க வேண்டும். றோட்டில் மூன்று மொழியிலும் பலகை வேண்டும். ஹோட்டல் காணி முடிகிற இடத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எல்லைக்கல் வேண்டும். கரைவலை இழுக்கிற இடம், வாடி, படகு ஏற்றுகிற மேடு இவற்றை மீனவர் சங்கங்களை வைத்துக்கொண்டே அளந்து, வர்த்தமானியில் போட வேண்டும். பொதுப் பக்கத்தில் மலசலகூடமும் உடுப்பு மாற்றும் அறையும் உயிர்காப்பாளரும் வேண்டும். இதில் ஒன்றுக்கும் கோடிக்கணக்கில் காசு தேவையில்லை.

இதைத் தொடங்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரஜையாக இருந்தால் போதும், ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழில் எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு செய்யலாம், அதுக்கு மேல் ஆணைக்குழு இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. பாசிக்குடாவில் குத்தகைக்குக் கொடுத்த ஒவ்வொரு காணியின் நில அளவை வரைபடம் எங்கே? அதில் பொது வழியாகக் காட்டப்பட்ட ஒழுங்கைகள் எவை? அனுமதிப்பத்திரத்தில் கடற்கரைக்குப் போகும் வழி பற்றி என்ன நிபந்தனை இருக்கிறது? அந்த நிபந்தனை பேணப்படுகிறதா என்று கடைசியாக எப்போது போய்ப் பார்த்தீர்கள்? கரையோரத் திணைக்களத்துக்கு ஒன்று, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கு ஒன்று, பிரதேச செயலகத்துக்கு ஒன்று.

வந்தாறுமூலையில் இருந்து பாசிக்குடா பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். செமஸ்டருக்கு ஒரு ட்ரிப் போய் ஃபோட்டோ எடுக்கிற நாங்கள், அந்த ட்ரிப்புக்கு முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் மூன்று விண்ணப்பமும் எழுதி முடிக்கலாம். அடுத்த முறை போகும்போது பொதுப் பக்கத்தில் இருந்து ஈர மணலால் நடந்து பாருங்கள். ஆராவது மறித்தால் சண்டை பிடிக்க வேண்டாம். எந்தச் சட்டப்படி மறிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டு, சொன்ன பதிலை, இடத்தோடும் நேரத்தோடும் எழுதிக்கொள்ளுங்கள். வரைபடம் கைக்கு வரும்போது அந்தக் குறிப்புகள் தேவைப்படும்.